ஒரே நாளில் நாற்பது பேரைப் பாட வைக்க முடியுமா? (குரல் தேர்வு நாள் பற்றிய இழை)

கேள்வி, ஜூன் 11, மாலை 6.20

எங்கள் ஊர் சபாவில் மார்கழி இளைஞர் கச்சேரிகளுக்கு முதன்முறையாக ஆடிஷன் வைக்கிறோம். நாற்பது விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஜூலை கடைசி ஞாயிறு. கல்யாண மண்டபம் கேட்டவுடனே கிடைத்துவிட்டது, வாடகையும் குறைவு. இப்படி நடத்திப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லவும்.

ஜூன் 11, இரவு 9.05

முடியாது.

ஜூன் 12, காலை 7.30

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, கணக்கோடு சொல்கிறேன். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கு சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை, சுகம்தான்.

கும்பகோணத்தில் எங்களுடையது சின்ன சபா. மார்கழியில் இளைஞர்களுக்கு எட்டு மாலைகள். முதல் ஆண்டு ஆடிஷனுக்கு 31 பேர் வந்தார்கள். நானும் உங்களைப் போலவே பத்து நிமிடக் கணக்குதான் போட்டேன். 31 பேருக்கு 310 நிமிடம், அதாவது ஐந்து மணி பத்து நிமிடம். காலை 9.30-க்குத் தொடங்கி, சாப்பாட்டுக்கு 50 நிமிடம் விட்டால் மாலை 3.30-க்கு மங்களம். நாலு மணிக் காபிக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைசிப் பையன் பாடி எழுந்தபோது இரவு 7.40.

நேரம் எங்கே போயிற்று? ஒருவர் மேடை ஏறி, உட்கார்ந்து, வேட்டியையோ புடவையையோ சரிசெய்து, மைக்கின் உயரத்தை மாற்றச் சொல்லி, தம்புராவில் தன் கட்டையை, அதாவது தன் குரலுக்கான சுருதி உயரத்தை, வைத்து, கண்ணை மூடி குருவை நினைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறார். இதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம். இதில் எதையும் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. குருவை நினைக்காதே என்று எந்தச் செயலாளர் சொல்வான்?

ஜூன் 12, காலை 7.50

இன்னொன்று. மண்டபம் ஏன் கேட்டவுடனே கிடைத்தது என்று யோசித்தீர்களா? ஜூலை கடைசி என்றால் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபத்துக்காரர் உங்களைக் கண்டதும் நாற்காலி போட்டிருப்பார்.

ஆனால் ஆடி ஞாயிறு என்றால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். எங்கள் முதல் ஆண்டு நடந்ததும் ஆடி ஞாயிற்றில்தான். பதினொரு மணிக்குப் பக்கத்துக் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலுக்கு முன்னால் பதினேழு வயதுப் பிள்ளையின் தோடி ராகம் என்ன செய்யும்? ஒரு பெண் தன் சுருதியை விட்டு மெல்ல மெல்ல நழுவிக் கோயில் சுருதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். நடுவர்கள் மூவருக்கும் அது புரிந்தது. ஆனாலும் மதிப்பெண் குறைந்தது.

ஜூன் 13, காலை 6.10

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. நான் எழுதிய கணக்கு இடிக்கிறது.

அன்று தொடங்கியதே 10.05-க்கு. ஆளுக்குப் பத்தும் மூன்றும் பதின்மூன்று நிமிடம் என்றால் 31 பேருக்கு 403. சாப்பாடு 50, இரண்டு காபி இடைவேளை 30, சுருதி மாற்றியதில் கரைந்தது 60 (இதைப் பற்றிப் பிறகு). மொத்தம் 543 நிமிடம். அப்படியானால் இரவு 7.08-க்கு முடிந்திருக்க வேண்டும். 32 நிமிடத்தைக் காணவில்லை.

பரணிலிருந்து அந்த ஆண்டின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று எழுதியது தப்பு. நான்கு. 574 நிமிடம், 7.39. ஒரு நிமிடம் இன்னும் உதைக்கிறது, அதை மன்னித்துவிடுகிறேன்.

உங்கள் நாற்பது பேருக்கு இதே கணக்கில் 560 நிமிடம். சாப்பாடு, காபி, ஒரே ஒரு சுருதி மாற்றம் சேர்த்தால் பதினொரு மணி நேரம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் இரவு எட்டரை. எட்டு மணிக்குப் பாடுகிறவரைக் கேட்க நடுவரிடம் காது இருக்கும், மனசு இருக்காது. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு பேர், அதற்கு மேல் வேண்டாம். மாலை ஐந்துக்குள் முடியும். மீதிப் பதினாறு பேருக்கு இன்னொரு நாள் வையுங்கள்.

ஜூன் 13, இரவு 8.45

சுருதி மாற்றுவதற்கு ஒரு மணி நேரமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பாடுகிறவராக இருக்க வேண்டும், பக்கவாத்தியக்காரர் அல்ல.

பெண்கள் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறு கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு. பாடுகிறவருக்குத் தம்புராப் பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. மிருதங்கக்காரருக்கு அப்படியா? ஆண் குரலுக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், பெண் குரலுக்கு ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம். இரண்டையும் அவர் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே மிருதங்கத்திலும் ஐந்து கட்டையிலிருந்து ஐந்தரைக்குப் போகக் கல்லையும் மரக்கட்டையையும் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், அப்பிய ரவை மின்விசிறிக் காற்றில் காய்ந்து உதிரும். உடனே தண்ணீர் தொட்டுப் பிசைந்து மறுபடி அப்ப வேண்டும். வயலின்காரர் பாவம், நாலு தந்தியையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

முதல் ஆண்டு வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். நியாயமாக இருக்கட்டும் என்றுதான். ஐந்தரைக் கட்டைப் பெண், பிறகு ஒரு கட்டைப் பையன், பிறகு ஆறு கட்டைச் சிறுமி என்று சீட்டு விழுந்தது. பதின்மூன்றாம் ஆள் உட்கார்ந்தபோது வயலினின் முதல் தந்தி அறுந்தது. வயலின் வாசித்த பெரியவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அறுந்த தந்தியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு குலுக்கலை நிறுத்தி, மீதிப் பேரைக் கட்டைவாரியாகப் பிரித்தேன். அதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

ஆகவே விண்ணப்பத்திலேயே "உங்கள் சுருதி எத்தனை கட்டை?" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். முகவரியை விட அதுதான் முக்கியம்.

ஜூன் 15

மேலே எழுதியதை நானே கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் ஆண்டு கட்டைவாரியாகப் பிரித்தோம். காலையில் பெண்கள், சாப்பாட்டுக்குப் பின் ஆண்கள். எல்லாம் எண்ணெய் போட்ட சக்கரம்போல ஓடியது. முடிவு வந்தபோது பார்த்தால் எட்டு இடங்களில் ஏழு பெண்கள், ஒரு பையன். அந்த ஆண்டுப் பெண்கள் நன்றாகப் பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின் முதல் ஒரு மணி நேரம் நடுவர்களின் தாள்களில் எழுத்தே கலங்கியிருந்தது என்பதும் உண்மை. ஒருவர் தாளில் பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றிருந்தது. அங்கே தூங்கியிருக்கிறார்.

காரணம் பாயசம். அதை ஏற்பாடு செய்தவன் நான்தான். வந்திருக்கும் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று வடை பாயசத்தோடு இலை போட்டோம். இப்போது நடுவர்களுக்கு ஒரு கிண்ணம் சாம்பார் சாதம், ஒரு கிண்ணம் தயிர் சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். மூன்று மணிக்கு டிகிரி காபி. பாயசம் முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு.

இந்த ஆண்டு ஆண்கள் காலை, பெண்கள் மாலை என்றால் அடுத்த ஆண்டு மாற்றிப் போடுகிறோம். இதுவும் முழு நியாயம் இல்லை. இந்த ஆண்டு பாடுகிறவனுக்கு அடுத்த ஆண்டு நியாயத்தால் என்ன பிரயோஜனம்?

ஜூன் 16, காலை

"வரிசையில் என்ன இருக்கிறது, நன்றாகப் பாடினால் எப்போது பாடினாலும் தெரியும்" என்கிறார் ஒருவர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிரஸ்ஸல்ஸில் குயீன் எலிசபெத் இசைப் போட்டி என்று ஒன்று உண்டு. உலகத்திலேயே கடினமான பியானோ, வயலின் போட்டிகளில் அது ஒன்று. இறுதிச் சுற்றில் பன்னிரண்டு பேர், ஒரு மாலைக்கு இருவர், ஆறு மாலைகள். யார் எந்த நாள் என்பது குலுக்கலில் முடிவாகும். ஃப்ளோரஸ், ஜின்ஸ்பர்க் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல ஆண்டு முடிவுகளை வைத்து 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்குகிறார்கள், பிந்தி வாசித்தவர்களுக்கு அனுகூலம் இருக்கிறது என்று கண்டார்கள். குலுக்கலில் வந்த வரிசை என்பதால் திறமை ஒரு பக்கம் குவிந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

எங்கள் ஊர் நடுவர்களும் அதே ரகம். முதலில் பாடுகிறவர் தம்பூருவில் மயில் ஆட வைத்தாலும் எழுபதுக்கு மேல் விழாது. "இன்னும் முப்பது பேர் இருக்கிறார்களே, இப்போதே தொண்ணூறு போட்டுவிட்டால் பிறகு வருகிறவருக்கு எதைப் போடுவது?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து ஒன்று வேலை செய்கிறது. முந்தைய ஆண்டு தேர்வான ஒருவரை முதலில் பத்து நிமிடம் பாட வைக்கிறோம். எண் பூஜ்யம். போட்டியில் இல்லை, ஆனால் நடுவர்கள் மதிப்பெண் எழுத வேண்டும். மூவரும் எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். மைக், தம்புரா, விசிறிச் சத்தம் எல்லாம் அவர் தலையிலேயே சோதனையாகிவிடும். அவருக்கு ஒரு வேட்டி அல்லது ரவிக்கைத் துணி, வெற்றிலை பாக்கு.

ஜூன் 16, மதியம்

தம்பூருவில் மயில் ஆடுமா என்று கேட்கிறீர்கள். ஆடாது. எழுதும் வேகத்தில் வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 19

மதிப்பெண் பற்றி.

நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நடுவர் எல்லோருக்கும் 58-இலிருந்து 66-க்குள் போட்டார். கருணையா கஞ்சத்தனமா தெரியாது. இன்னொருவர் 35-இலிருந்து 92 வரை ஓடினார். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதுதான் முடிவு. முதலாமவர் வந்ததும் சாப்பிட்டதும் கணக்கில் ஏறவே இல்லை. அவருக்கு இது தெரியாது, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டிலிருந்து எண்ணே கிடையாது. "எடுக்கலாம்", "மறுபடி கேட்கலாம்", "இப்போது வேண்டாம்" என்று மூன்று கட்டங்கள், ஒன்றில் குறி. பேசிக்கொள்ளக் கூடாது. எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவோம். மூவரும் "எடுக்கலாம்" என்றால் பேச்சே இல்லை. அப்படி மூன்று அல்லது நான்கு பேர் வருவார்கள். மூவரும் "வேண்டாம்" என்றாலும் பேச்சில்லை. சண்டை நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான். அவர்களை அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டு, பக்கவாத்தியத்தோடு இருபது நிமிடம் கேட்கிறோம்.

தன் சிஷ்யர் பாடும்போது நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பதும் விதி. நம் ஊரில் இந்த விதியை வைத்தால் நடுவர் நாற்காலி பாதி நேரம் காலியாகத்தான் இருக்கும் என்று கிண்டல் செய்தார்கள். காலியாகத்தான் இருந்தது. பரவாயில்லை.

ஜூன் 22

திரை போடலாமே என்ற யோசனைக்கு.

போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு ஆண்டு. மண்டபத்து வாழைத்தார் படம் போட்ட திரைச்சீலையை நடுவர்களுக்கும் மேடைக்கும் நடுவே கட்டினோம். பெயர் கிடையாது, எண் மட்டும். இரண்டாவது ஆள் ஆலாபனையில் (சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பதில்) நாலு பிடி பிடிப்பதற்குள் நடுவர் ஒருவர் பக்கத்தில் குனிந்து, "இது இன்னாருடைய வீட்டுக் கல்யாணி ராகம் அல்லவா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். திரை முகத்தை மறைக்கும், பாணியை மறைக்குமா? தவிர, தாளம் போடும் கை தெரியவில்லை என்று மிருதங்க வித்துவான் முறையிட்டார். அவர் சொன்னது நியாயம். லயம் கையில்தான் தெரியும்.

அகில இந்திய வானொலியில் இந்த முறை வெகு காலமாக இருக்கிறது. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு குரல் தேர்வை ஒழுங்காக வகுத்தார்கள். பாடுகிறவர் ஸ்டூடியோவில், கேட்கிறவர்கள் வேறு அறையில். அதுவரை பாடிக்கொண்டிருந்த பெரிய வித்துவான்களையும் தேர்வுக்கு வரச் சொன்னதில் பெரிய ரகளையே நடந்தது. பி, பி ஹை, ஏ, டாப் என்று அந்தத் தர வரிசை இன்றும் கச்சேரி அழைப்பிதழ்களில் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து துரத்தியவரும் அதே கேஸ்கர்தான். மக்கள் ரேடியோ சிலோனுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957-ல் வானொலியிலேயே சினிமாப் பாட்டுக்கு விவித் பாரதி வந்தது. இது நம் விஷயம் இல்லை, விடுங்கள்.

அமெரிக்க இசைக்குழுக்களில் திரை போட்ட பிறகுதான் பெண்கள் உள்ளே வந்தார்கள். 1970-ல் பெரிய ஐந்து குழுக்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. 1997-ல் நூற்றுக்கு 25.

ஜூன் 23

நேற்றைய கடைசிப் பத்தி அதிகப்படி. கோல்டின், ரவுஸ் இருவரும் 2000-ல் எழுதிய கட்டுரையை நினைத்து எழுதினேன். பெண்கள் கூடியது உண்மை. எல்லாம் திரையால்தான் என்று அவர்களே சொல்லவில்லை. அவர்கள் காட்டிய கணக்கும் அவ்வளவு உறுதியானதில்லை என்று பிற்பாடு புள்ளியியல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆனால் கண் காதை ஏமாற்றும் என்பதற்கு வேறு சாட்சி உண்டு. சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் 2013-ல் ஒரு வேலை செய்தார். இசைப் போட்டி இறுதிச் சுற்றுகளின் ஒலியைச் சிலருக்கு, ஒலியில்லாத படத்தை மட்டும் சிலருக்குக் கொடுத்து, யார் ஜெயித்திருப்பார் என்று கேட்டார். ஊமைப்படம் பார்த்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். இசைத் தொழிலில் இருப்பவர்களும் அப்படித்தான். இதைப் படித்த அன்று எங்கள் நடுவர்களை நினைத்துச் சிரித்தேன். பிறகு, பட்டுப்பாவாடையும் மல்லிகைப்பூவுமாக வந்த ஒரு குழந்தை மேடை ஏறியபோது நானே நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

இப்போதைய ஏற்பாடு: ஆலாபனை முடியும்வரை நடுவர்கள் மேடைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். கிருதி, அதாவது பாட்டு, தொடங்கியதும் திரும்பிக்கொள்வார்கள், தாளத்தைப் பார்க்க. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஜூன் 27

பெற்றோர் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறேன்.

அரங்கக் கதவில் கண்ணாடி இருந்தால் செய்தித்தாள் ஒட்டிவிடுங்கள். ஒரு தகப்பனார் அந்தக் கண்ணாடி வழியாக மகனுக்குக் கல்பனாஸ்வரம் (பாடகர் அந்த நேரத்திலேயே கற்பனை செய்ய வேண்டிய ஸ்வரங்கள்) உதட்டசைவில் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் ராகத்தை விட்டுவிட்டு அப்பாவின் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஜூலை 2

மறுபடி மறுபடி வரிசை, நேரம் என்றே பேசுகிறேன் என்று ஒரு நண்பர் குறைபட்டிருக்கிறார். "நடுவர்கள் காது நன்றாக இருந்தால் போதும்" என்கிறார். நான் ஏன் வரிசை, நேரம் என்றே சொல்கிறேன் என்றால், காரணம் முதல் ஆண்டு 27-ஆம் எண்.

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து அம்மாவும் பெண்ணும் முதல் பஸ் பிடித்து எட்டரைக்கே வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்பதுக்குள் வர வேண்டும் என்று எழுதியிருந்தது நான். குலுக்கலில் 27 விழுந்தது. வராந்தாவில் ஒரு பெஞ்சு, அதன் ஓரத்தில் இருவரும். பச்சை நிற ஃபிளாஸ்க் ஒன்று. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்ட வெந்நீர். மணிக்கு ஒரு தரம் மூடியில் ஊற்றி அந்த அம்மா கொடுப்பார், பெண் குடிப்பாள். மதியம் கொடுத்த சாதத்தைப் பெண் தொடவில்லை, சாப்பிட்டால் பாடும்போது மூச்சுத் தாங்காது என்றாள். நாலு மணிக்கு ஃபிளாஸ்க் காலி. நான் சமையல்காரரிடம் சொல்லி மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். வேறு என்ன செய்யலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் முறை வந்தபோது ஆறரை தாண்டிவிட்டது. எங்கள் ராடெல் மின்தம்புராப் பெட்டி ஐந்து மணி மின்வெட்டுக்குப் பிறகு கரகரவென்று இரைந்ததால் ஓர் உறுப்பினரின் கைபேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டிருந்தோம். ஐந்தரைக் கட்டை. காம்போதி ராகம் எடுத்தாள். குரல் வறண்டிருந்தது, ஆனால் பிடிகள் சுத்தம். மேல் ஷட்ஜத்துக்கு (மேல் ஸ்தாயியின் ஸ-வுக்கு) போகும் நேரத்தில் கைபேசிக்கு அழைப்பு வந்தது. தம்புரா நின்று, நாதஸ்வர மெட்டில் மணி அடித்தது. உறுப்பினர் அதை அணைக்கத் தடுமாறினார். தம்புரா இல்லாமல் அந்தப் பெண் அப்படியே மேல் ஷட்ஜத்தில் நின்றாள். செயலி மறுபடி ஓடத் தொடங்கியபோது தம்புரா வந்து அவள் குரலோடு சேர்ந்துகொண்டது. மயிரிழை பிசகவில்லை.

எனக்கு அது தெரிந்தது. மிருதங்கக்காரருக்குத் தெரிந்தது, தலையாட்டினார். நடுவர்கள்? ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அணைக்க முடியாத கைபேசியையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் எழுதியது என் கையில் இன்னும் இருக்கிறது: "குரல் வறட்சி. பயிற்சி தேவை."

மூவருக்கும் நல்ல காது நண்பரே. காலை பத்தரைக்கு அதே மூவர் அதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள்.

ஜூலை 3

தேர்வானாளா என்று ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை.

ஜூலை 5

மூன்று நாள் முன்பு எழுதியதை மறுபடி படித்தேன். தப்பெல்லாம் நடுவர்கள் மீது போய் விழுந்திருக்கிறது. எல்லோரையும் ஒன்பதுக்கு வரச் சொன்னதும், கைபேசியில் தம்புரா வைக்கச் சம்மதித்ததும் நான்.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனி நேரம் எழுதி அனுப்புகிறோம். "உங்கள் நேரம் 11.20. பத்தரைக்கு முன் வர வேண்டாம்." மணிக்கு நாலு பேர். மணிக்கு நாலு நிமிடம் மிச்சம் விழும், தாமதம் அதில் கரையும். குரலைத் தயார்செய்ய ஒரு தனி அறை, அதில் ஒரு தம்புரா. ராடெல் பெட்டி இரண்டு, ஒன்று கெட்டால் ஒன்று. கைபேசி அரங்கத்துக்குள்ளேயே கிடையாது, செயலாளரின் கைபேசி உட்பட.

தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு நடுப்பகல் நேரம். காரைக்காலிலிருந்து வருகிறவரைக் காலை ஒன்பதே முக்காலுக்குப் போட்டால், அவர் தூங்காமல் வந்து பாடுவார்.

ஜூலை 9

முடிவை எப்படிச் சொல்வது? அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். ஒட்டியிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தான், பிறகு கீழிருந்து மேலே படித்தான். எட்டே பெயர்கள்தான்.

தேர்வாகாதவர்களுக்கும் கடிதம். அதில் நடுவர் எழுதிய இரண்டு வரி. ஆனால் நடுவர்கள் எழுதுவதை அப்படியே அனுப்பாதீர்கள். ஒருவர் பத்தொன்பது பேருக்கு "பயிற்சி தேவை" என்றே எழுதிவைத்திருந்தார். என்ன பயிற்சி? அகாரமா, ஸ்வரமா, மூச்சா? இப்போது தாளிலேயே "எந்த இடத்தில் நன்றாக இருந்தது, எந்த இடத்தில் நழுவியது" என்று இரண்டு கோடு போட்டுக் கொடுக்கிறோம். காலி விட்டால் காபி தாமதமாகும்.

நானும் இளவயதில் ஓர் இடத்தில் பாடிக் காட்டிவிட்டு வந்தவன். எங்கே என்று சொல்லமாட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. 41 ஆண்டு ஆகிறது.

ஜூலை 14

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார். இரண்டு நாளாகப் பிரித்துவிட்டாராம், நல்லது. ஆடியை விட்டு ஆவணி முதல் ஞாயிறுக்கு மாற்றுகிறாராம். ஐயா, ஆவணியில் முகூர்த்தம் இருக்கிறது. மண்டபத்துக்காரர் இப்போது உங்களைத் தெரியாதவர்போல் பார்ப்பார். கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்தில் நாதஸ்வரம், தவில். காலண்டரைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத ஞாயிறாக எடுங்கள். அல்லது பள்ளிக்கூடம் ஒன்றைக் கேளுங்கள். ஞாயிறு மணி அடிக்காது. பெஞ்சுகளும் நிறைய இருக்கும்.

பக்கவாத்தியம் முதல் சுற்றில் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பது இன்றைய என் அபிப்பிராயம். தம்புராவும் கைத் தாளமும் போதும், சுருதித் தகராறு முழுவதும் தீர்ந்துவிடும். வரிசையையும் இஷ்டப்படி கலக்கலாம். எங்கள் மிருதங்க வித்துவான் இதைக் கேட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "பக்கவாத்தியத்தோடு பாடத் தெரிகிறதா என்பதல்லவா கச்சேரி?" என்றார். அதற்காகத்தான் இரண்டாம் சுற்று. அங்கே அவர்தான் ராஜா என்று சொன்னதும் பேசினார்.

ஆகஸ்ட் 6

எங்கள் ஆடிஷன் இந்த ஆண்டு செப்டம்பரில். விண்ணப்பங்களை நேற்று பிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் மயிலாடுதுறைப் பக்கத்து ஊர், ஐந்தரைக் கட்டை. வயதுக் கட்டத்தைப் பார்த்தேன். எங்கள் உச்சவரம்பு இருபத்து நான்கு. சரியாக இருபத்து நான்கு.

மாலையில் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், இந்தத் தடவையும் காலையிலேயே வந்துவிடட்டுமா?" என்றார். வேண்டாம் அம்மா, உங்கள் நேரம் 11.20, பத்தரைக்கு வந்தால் போதும் என்றேன். மயிலாடுதுறையிலிருந்து எத்தனை மணி பஸ் சரியாக வரும் என்று இருவருமாகப் பார்த்து முடிவு செய்தோம்.

ஃபிளாஸ்க்கை எங்கள் அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு நினைவில்லை. பச்சை நிறம், மூடியில் ஒரு விரிசல் என்றேன். "அது எங்களுடையதுதானா?" என்று உள்ளே திரும்பிப் பெண்ணைக் கேட்டார்.